கால் அங்குலக் கணக்கு

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பது, காணியை விட்டு வேறிடம் வந்திருக்கும் குடும்பங்கள் கையிலெடுக்கக்கூடிய வேலைகளுள் ஒன்று. இதற்குக் கிணறு வேண்டாம், வயல் வேண்டாம், மாரி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பழைய சேட்டு, சாரம், சீத்தைத் துணி, தையற்கடையில் கழித்துவிட்ட வெட்டுத் துண்டுகள், ஊசி, நூல், கத்தரிக்கோல் என்பன இருந்தால் தொடங்கலாம். ஆங்கிலேயர் இதனைக் 'குவில்ற்' என்பர். சிறு துண்டுகளை இணைத்துச் சதுரமான கட்டங்களாக்கி, கட்டங்களை இணைத்து மேற்பரப்பாக்கி, அதன் கீழ் ஒரு நிரப்புத் துணியும் அடித்துணியும் வைத்துத் தைத்தால் போர்வை ஆகிவிடும்.

எனினும், இவ்வேலையைக் குழுவாகத் தொடங்குவோர் முதற் போர்வையிலேயே ஓர் இடர்ப்பாட்டைச் சந்திப்பதுண்டு. ஆளுக்கு ஐந்து, ஆறு கட்டங்களாகத் தத்தம் வீட்டில் தைத்துக் கொண்டுவருவார்கள். ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் குறை தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று பெரிது, மற்றது சிறிது. இழுத்துப் பிடித்து இணைத்தால் போர்வையின் நடுப்பகுதி குடைபோல எழும்பும். ஓரம் அலை அடிக்கும். வீட்டில் போர்த்துக்கொள்ள அது போதும். விலைக்குக் கொடுக்கப் போனால் திரும்பி வரும். துணியும் நூலும் பல நாள் உழைப்பும் வீணாகும்.

இக்குறை பெரும்பாலும் தையல் ஓரத்திலிருந்தே வருகிறது. இரண்டு துண்டுகளை இணைக்கும்போது துணியின் விளிம்புக்கும் தையல் கோட்டுக்கும் இடையில் நாம் விடும் இடமே தையல் ஓரம். துண்டுத் துணிப் போர்வைக்கு இது கால் அங்குலம் என்பது பொதுவான வழக்கம். அந்தக் கால் அங்குலத்தை எல்லோரும் ஒரேயளவாக விடுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அலபாமாவில் நடந்தது

ஐக்கிய அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் வில்கொக்ஸ் என்றொரு மாவட்டம் உண்டு. அங்கே அலபாமா ஆறு வளைந்து ஓடும் இடத்தில் உள்ள ஜீஸ் பென்ட் என்ற ஊரிலும் அயலிலும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார் குத்தகைக் காணிகளில் பருத்தி பயிரிட்டு வந்தனர். 1932ஆம் ஆண்டு, கடன் கொடுத்த வணிகர் ஒருவர் இறந்தபின், கடனுக்கு ஈடாக அவர்களுடைய விலங்குகள், கருவிகள், உணவுப் பொருட்கள் யாவும் வாரிச் செல்லப்பட்டன. 1960களில் அவர்கள் வாக்காளராகப் பதிவுசெய்ய முற்பட்டபோது மேலும் துன்பம் வந்தது. மாவட்டத் தலைநகருக்குச் செல்லும் ஆற்றுப் படகுச் சேவை 1962இல் நிறுத்தப்பட்டது. பதிவு செய்த குடும்பங்கள் சில, இருந்த காணியிலிருந்து வெளியேற்றப்பட்டன. அப்படகு மறுபடியும் ஓடத் தொடங்கியது 2006ஆம் ஆண்டில்தான்.

இப்பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் போர்வை தைத்தவர்கள். வயலில் கிழிந்த காற்சட்டையும் மாச்சாக்கும் அவர்களுடைய துணி. காற்றுப் புகும் பலகை வீடுகளில் பிள்ளைகள் குளிரில் நடுங்காதிருக்கவே தைத்தார்கள். 1965இன் இறுதியில் அப்பக்கம் சென்ற பிரான்சிஸ் வோல்டர் என்ற எபிஸ்கோப்பல் திருச்சபைக் குரு, கொடியில் காய்ந்த போர்வைகளைக் கண்டு, இவற்றை விற்று இம்மக்களுக்கு வருமானம் தேடலாம் என எண்ணினார். 1966இல் 'பிரீடம் குவில்ற்றிங் பீ' என்ற கூட்டுறவு தொடங்கியது. பலர் கூடியிருந்து தைப்பதை அங்கே 'பீ' என்று சொல்வார்கள். எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற பெண்மணி நெடுங்காலம் அதனை நடத்தினார். முதற் போர்வைகள் நியூயோர்க்கில் ஏலத்தில் விற்கப்பட்டன. பின்னர் கூட்டுறவு 23 ஏக்கர் காணி வாங்கி, 1969இல் அதிலே தையல் நிலையம் கட்டியது. வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் சிலவற்றுக்கு வீடு கட்டவும் அக்காணியில் இடம் கொடுத்தது.

இனி நமக்கு வேண்டிய செய்திக்கு வருவோம். அப்பெண்கள் தம் வீட்டுக்குத் தைக்கும்போது அளவுகோலைத் தேடவில்லை. கண்ணும் கையுமே அளவு. ஒரு துண்டு குறுகினால் வேறொன்றை ஒட்டி நிரப்பினார்கள். அப்படிப் பிறந்த ஜீஸ் பென்ட் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்கத் தபால் முத்திரைகளிலும் இடம்பெற்றன. ஆகவே கோணல் தையல் என்றால் தாழ்ந்தது என்று யாரும் எண்ணவேண்டாம். ஒருவர் தனியே முழுப் போர்வையையும் தைக்கும்போது, தம் பிழையைத் தாமே அடுத்த துண்டில் சரிசெய்துகொள்வார்.

கூட்டுறவுக்குப் பெரிய கடைகளிலிருந்து கட்டளைகள் வந்தபோது நிலைமை மாறியது. நியூயோர்க்கின் புளூமிங்டேல்ஸ் கடை அவர்களின் போர்வைகளை விற்றது. சியர்ஸ் நிறுவனம் 1972இல் கோர்டுரோய்த் துணியில் தலையணை உறைகள் தைக்கக் கட்டளை கொடுத்தது. பட்டியலில் படம் பார்த்து வாங்குபவர், படத்தில் உள்ள அளவையே எதிர்பார்ப்பார். ஒருவர் தைத்ததும் இன்னொருவர் தைத்ததும் ஒரே அளவாக இருந்தே ஆகவேண்டும். கைத்திறனில் யாருக்கும் குறையாத பெண்கள், ஒரே அளவுக்குத் தைக்கும் வேறொரு பழக்கத்தைப் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது. வீட்டுப் போர்வைக்கும் விலைப் போர்வைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

வரம்பு தின்னும் நிலம்

தையல் ஓரத்தை விளங்கிக்கொள்ள விவசாயிக்கு நெடுநேரம் ஆகாது. வயலிலே பாத்திக்குப் பாத்தி வரம்பு போடுகிறோம். வரம்பு இல்லாமல் தண்ணீர் நிற்காது. ஆனால் வரம்பு நிலத்தைத் தின்னும். ஒவ்வொரு வரம்பையும் ஒரு சாண் அகலமாகப் போட்டுவிட்டால், பத்து வரம்புக்குப் பத்துச் சாண் விளைநிலம் போய்விடும். துணியிலே மூட்டுத்தான் வரம்பு.

கணக்கைப் பாருங்கள். முடிவில் 3 அங்குலமாக நிற்கவேண்டிய சதுரத் துண்டை 3½ அங்குலமாக வெட்டுகிறோம். இரு பக்கமும் கால் அங்குலம் மூட்டுக்குள் போய்விடும். இப்படி நான்கு துண்டுகளை ஒரு வரிசையாக இணைத்தால் மூன்று மூட்டுகள் வரும். நான்கு துண்டுகளின் மொத்தம் 14 அங்குலம். ஒரு மூட்டு இரண்டு துண்டிலிருந்தும் கால் அங்குலம் எடுப்பதால் அரை அங்குலம் குறையும். மூன்று மூட்டுக்கு 1½ அங்குலம். மீதி 12½ அங்குலம். கட்டத்தின் சரியான அளவு இதுவே.

இப்போது ஒருவர் அங்குலத்தில் வீசம், அதாவது 16இல் ஒரு பங்கு, கூடுதலாக ஓரம் விட்டுத் தைக்கிறார் என்று கொள்வோம். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் ஒவ்வொரு மூட்டிலும் இரு பக்கமாக அரைக்கால் அங்குலம் போகும். மூன்று மூட்டில் ⅜ அங்குலம் குறைந்து, கட்டம் 12⅛ அங்குலமாக நிற்கும். அதே கையால் ஆறு கட்டங்களை ஒரு வரிசையாக இணைத்தால், 72½ அங்குலம் இருக்கவேண்டிய அகலம் 69⅝ அங்குலமே வரும். ஏறக்குறைய மூன்று அங்குலம் காணாமற் போய்விட்டது. ஒரு வீசம் செய்த வேலை அது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எல்லோரும் ஒரேயளவாக வீசம் கூட்டித் தைத்தால் போர்வை சற்றுச் சிறுக்கும். ஆனால் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தும். ஒருவர் கூட்டியும் மற்றவர் குறைத்தும் தைத்தால் எதுவுமே பொருந்தாது. எனவே முதலில் வேண்டியது ஒற்றுமை. அடுத்தது சரியான அளவு.

வெட்டும்போதே கவனம்

தவறாக வெட்டிய துண்டை எவ்வளவு நேராகத் தைத்தும் பயனில்லை. பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

புதுத் துணியாயின் வெட்டுமுன் கழுவிக் காயவையுங்கள். பருத்தி சுருங்கும், சாயமும் கசியலாம். பழைய உடுப்பாயின் தேய்ந்து மெலிந்த முழங்கை, இருப்பிடப் பகுதிகளை விட்டு, நல்ல பகுதியை மட்டும் எடுங்கள். ஒரே கட்டத்தில் தடித்த துணியையும் மெல்லிய துணியையும் கலக்காதிருப்பது நன்று. தடித்த துணி மடியும்போது கூடுதல் இடம் பிடிக்கும்.

சதுரத்தின் பக்கங்கள் துணியின் இழையோடு நேராக இருக்கட்டும். இழைக்குச் சாய்வாக வெட்டிய விளிம்பு இழுபடும். முக்கோணத் துண்டுகளில் ஒரு பக்கமாவது சாய்வாக வருவதைத் தவிர்க்க முடியாது. அப்பக்கத்தை இழுக்காமல், தூக்கித் தொங்கவிடாமல் கையாளுங்கள். புதிதாகப் பழகுவோர் முதலில் சதுரங்களோடு நிற்பது நல்லது.

அளவட்டையைக் கெட்டியான மட்டையில் வெட்டலாம். ஆனால் மட்டையின் ஓரம் நாளடைவில் தேயும். பழைய எக்ஸ்ரே படத்தில் வெட்டினால் நீடித்து உழைக்கும். பென்சிலைக் கூராகச் சீவி, அட்டையோடு ஒட்டிக் கோடு கீறி, கோட்டின் உட்பக்கமாக வெட்டுங்கள். மொட்டைப் பென்சிலால் கீறி வெளிப்பக்கமாக வெட்டினால் துண்டு ஒவ்வொரு முறையும் சற்றுப் பெருக்கும். இன்னொரு அட்டை தேவைப்பட்டால் எப்போதும் முதல் அட்டையை வைத்தே வெட்டுங்கள். பிரதியிலிருந்து பிரதி எடுத்தால் பிழையும் பிரதியாகும்.

மெசினில் எல்லை போடுதல்

கையால் சுற்றுவதானாலும் காலால் மிதிப்பதானாலும், மெசினுக்கு ஓர் எல்லை வேண்டும். துணியை அழுத்தும் பாதத்தின் விளிம்பையே கால் அங்குலம் என்று நம்பிவிடக்கூடாது. பல பாதங்கள் அதைவிட அகலமானவை. அளந்து பார்த்தே நம்புங்கள்.

ஒரு தாளில் அடிமட்டத்தால் விளிம்புக்கு இணையாகக் கால் அங்குலத்தில் ஒரு கோடு கீறுங்கள். தாளின் விளிம்பு உங்கள் வலப்புறம் இருக்கும்படி பாதத்தின் கீழ் வைத்து, கைச்சக்கரத்தைச் சுற்றி ஊசியை மெல்ல இறக்குங்கள். ஊசி முனை சரியாகக் கோட்டில் படவேண்டும். தாள் கோணலாக இல்லையென உறுதிசெய்தபின், அதன் வலப்பக்க விளிம்பை ஒட்டி மெசின் தட்டில் ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். நாடா ஊசிக்கு முன்னால் இரண்டு, மூன்று அங்குலம் நீளட்டும். துணியை நகர்த்தும் பற்களை அது மூடக்கூடாது. ஒன்றின்மேல் ஒன்றாகச் சில தரம் ஒட்டினாலோ, ஒரு மட்டைத் துண்டைச் சேர்த்து ஒட்டினாலோ சிறு சுவர்போல் நிற்கும். துணியின் விளிம்பு அச்சுவரைத் தொட்டுக்கொண்டு ஓடவேண்டும்.

தைக்கும்போது ஊசியைப் பார்க்காதீர்கள், எல்லையைப் பாருங்கள். கயிறு பிடித்துக் கன்று நடுபவர் கயிற்றைப் பார்ப்பதுபோலத்தான் இதுவும்.

தொடக்கத்தில் துணியின் மூலையை மெசின் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு கழிவுத் துண்டில் தைக்கத் தொடங்கி, நிறுத்தாமல் நல்ல துண்டுக்குள் போனால் இது நேராது. கடைசி அரை அங்குலத்தில் துணி ஒருபக்கம் விலகப் பார்க்கும். பலருடைய கட்டங்கள் கெடுவது இந்த இடத்திலேதான். குண்டூசியின் முனையால் துணியை மெல்லப் பிடித்து எல்லையோடு இறுதிவரை கொண்டுசெல்லுங்கள். அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் போதுமானது. நூல் இறுக்கம் கூடினால் மூட்டுச் சுருங்கி நீளம் குறையும். வளைந்த ஊசியும் கோட்டை விலக்கும்.

மூன்று பட்டிச் சோதனை

அளவு சரியா என்பதை மூட்டின் ஓரத்தை அளந்து அறிய முயலவேண்டாம். துணி மடியும் இடமும் சிறிது அளவை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் தேர்ந்தவர்கள் கால் அங்குலத்துக்கு ஓர் இழை குறைவாகத் தைப்பார்கள். எவ்வளவு குறைப்பது என்பதை இச்சோதனை சொல்லும்.

1½ அங்குல அகலமும் 6 அங்குல நீளமும் உள்ள மூன்று பட்டிகளை வெட்டுங்கள். நீளவாட்டில் மூன்றையும் இணைத்து, மூட்டுகளை இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். இப்போது நடுப் பட்டியை மட்டும் அளவுங்கள். அது சரியாக 1 அங்குலம் இருக்கவேண்டும். மூன்றின் மொத்த அகலம் 3½ அங்குலம் இருக்கவேண்டும்.

நடுப் பட்டி 1 அங்குலத்துக்குக் குறைந்தால் உங்கள் தையல் ஓரம் அகலம். எல்லையை ஊசிப் பக்கமாக நகர்த்துங்கள். கூடினால் எல்லையை ஊசியிலிருந்து விலக்குங்கள். நடுப் பட்டி ⅞ அங்குலமாயின் இரு மூட்டிலும் ஒவ்வொரு வீசம் கூடியிருக்கிறது. ஆகவே எல்லையை ஒரு வீசம் மட்டும் நகர்த்தினால் சரிவரும். புதிதாக மூன்று பட்டி வெட்டி மீண்டும் தைத்துப் பாருங்கள். சரிவரும்வரை நல்ல துணியில் கை வைக்கவேண்டாம்.

மெசின் இல்லாதோர்

கையால் தைப்போருக்கு இது கடினம் என்று நினைக்கவேண்டியதில்லை, ஒருவகையில் இலகு. ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும், முடிவில் நிற்கவேண்டிய 3 அங்குலச் சதுரத்தை அளவட்டை வைத்துப் பென்சிலால் கீறிவிடுங்கள். அக்கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். இணைக்கும்போது விளிம்பைப் பொருத்தாமல் கோட்டைப் பொருத்துங்கள். இரு மூலைகளிலும் குண்டூசியைக் குத்தி, மறுபக்கத் துண்டின் மூலையிலும் அது வெளிவருகிறதா என்று பாருங்கள். பிறகு கோட்டின்மேல் நெருங்கிய ஓடு தையல் போட்டு, இடையிடையே ஒரு பின்தையல் போடுங்கள். இம்முறையில் விளிம்பு சற்றுக் கோணலாக வெட்டுப்பட்டாலும் கட்டத்தின் அளவு மாறாது. அளவைச் சுமப்பது கோடு.

அழுத்துவதும் இழுப்பதும்

மூட்டை அழுத்தாமல் அடுத்த மூட்டைத் தைத்தால் பாதி உழைப்பு வீண். முதலில் தைத்தபடியே கோட்டின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுங்கள். பிறகு துணியை விரித்து, இரு ஓரங்களையும் கடும் நிறத் துணியின் பக்கம் சாய்த்து, மேற்பக்கத்திலிருந்து அழுத்துங்கள். பெட்டியை வைத்து எடுக்கவேண்டும். உடுப்புக்குத் தேய்ப்பதுபோல் இழுத்தால் துணி நீண்டு கட்டம் வளையும். கரிப்பெட்டியாயின் சாம்பலை முன்பே ஊதிவிடுங்கள்.

முதல் வரிசையின் மூட்டுகளை வலப்பக்கமாகச் சாய்த்தால், அடுத்த வரிசையின் மூட்டுகளை இடப்பக்கமாகச் சாய்க்கவேண்டும். இரு வரிசைகளையும் இணைக்கும்போது மூட்டுகள் ஒன்றோடொன்று கொளுவி நிற்கும். நான்கு மூலைகளும் ஒரு புள்ளியில் வந்து சேரும்.

குழுவின் ஒழுங்கு

ஒருவருடைய கால் அங்குலமே எல்லோருடைய கால் அங்குலமாகவும் இருக்கவேண்டும். அதற்குச் சில ஒழுங்குகள் தேவை.

குழுவுக்கு ஒரே அடிமட்டம் இருக்கட்டும். கடையில் வாங்கும் அடிமட்டங்கள் எல்லாம் ஒன்றுபோல் இரா. துணி நாடா நாளடைவில் நீளும். மர அடிமட்டத்தின் முனை தேய்ந்திருந்தால் 1 அங்குலக் கோட்டிலிருந்து அளந்து, பின் ஓர் அங்குலத்தைக் கழியுங்கள். தலைமை அளவட்டையை ஒருவர் பொறுப்பில் வையுங்கள். புதிதாகச் சேர்பவர் எவரும், மெசின் மாறியவர் எவரும், மூன்று பட்டிச் சோதனையைக் காட்டியபின்பே கட்டம் தைக்கட்டும். இதில் அனுபவசாலி, புதியவர் என்ற வேறுபாடு வேண்டாம். அப்போதுதான் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

12½ அங்குலச் சதுரமாக ஒரு கெட்டி மட்டையை வெட்டி வையுங்கள். வருகின்ற கட்டம் ஒவ்வொன்றையும் அதன்மேல் விரித்துப் பாருங்கள். குறைந்த கட்டத்தை இழுத்துச் சேர்க்கவேண்டாம். எந்த மூட்டு அகலம் என்று கண்டு, அதைப் பிரித்து மீளத் தைப்பதற்கு அதை உரியவரிடமே கொடுங்கள். ஒரு கட்டத்தைப் பிரிப்பது சிறு வேலை. முடிந்த போர்வையைப் பிரிப்பது பெரும்பாடு. எல்லாக் கட்டங்களும் சிறுத்திருந்தால், அவற்றுள் மிகச் சிறியதன் அளவுக்கு மற்றவற்றை வெட்டி வீட்டுக்கு ஒரு போர்வை ஆக்கலாம். விலைப் போர்வைக்கு அவ்வழி சரிவராது. வெட்டிய ஓரத்தோடு கரைத் துண்டுகளும் மெலிந்துவிடும்.

அலபாமாப் பெண்களின் கூட்டுறவு 2012ஆம் ஆண்டளவில் மூடப்பட்டது. அது அவர்களைச் செல்வந்தர் ஆக்கவில்லை. ஆனால் காணியிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களுக்கு நிற்க ஓர் இடம் வாங்கிக் கொடுத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பெண்களுக்கு வேலை கொடுத்தது. பல கைகள் தைத்ததை ஒருவர் நம்பி வாங்கும்படி செய்ததால் அது முடிந்தது.

உங்கள் குழுவின் முதற் போர்வைக்குத் துணி வெட்டுமுன், ஆளுக்கு மூன்று பட்டிகளைத் தைத்துக்கொண்டு ஒரு மாலை கூடுங்கள். எல்லோருடைய நடுப் பட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அவை ஒரே அகலமாக இருந்தால் மறுநாளே கத்தரிக்கோலை எடுக்கலாம்.